உத்தியோகமும் ஊர்தியும்

அரசாங்க உத்தியோகத்தர்கள் தத்தம் மோட்டார் வண்டிகளை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் துவிச்சக்கரவண்டியிலும் கடமைக்குச் செல்லவேண்டும் என்ற அறிவுரை இன்று பல நாடுகளிலும் கேட்கின்றது. நமது நாட்டிலும் எரிபொருட் தட்டுப்பாடு தோன்றும் போதெல்லாம் அக்குரல் எழுகின்றது. குரல் நியாயமானதே. நாம் எரிக்கும் பெற்றோலில் ஒரு துளியேனும் நமது மண்ணில் ஊறுவதன்று. மலையகத்திற் கொழுந்து கொய்யும் பெண்ணும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் ஈட்டித் தரும் அந்நியச் செலாவணியே எரிபொருளாக மாறி நமது வீதிகளிற் புகையாகின்றது. அப்புகை பூமியின் வெப்பத்தை உயர்த்துகின்றது என்பதையும் விஞ்ஞானம் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது. ஆதலின், சிக்கனமாகப் பயணஞ்செய்தல் நல்லதா என்பது இங்கு வினாவன்று. அதனை யார் யாரிடம் கேட்பது, கேட்பவர் முதலிற் செய்யவேண்டியது யாது என்பதே நாம் ஆராயவேண்டிய அறப்பிரச்சினை.

2022 ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. உத்தியோகத்தர் வீட்டிலிருந்தே வேலைசெய்யப் பணிக்கப்பட்டனர். நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டன. எரிபொருள் வரிசையிற் காத்திருந்தே உயிர்நீத்தோரும் உளர். துவிச்சக்கரவண்டியின் விலை கிடுகிடுவென உயர்ந்தது. கந்தோருக்கு அதனை மிதித்துச் சென்றோரைக் கண்டு, நாட்டுக்கு நல்ல பழக்கமொன்று வந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். யூலையிற் பங்கீட்டு முறை வந்தது. பின்னர் எரிபொருளும் வந்தது. துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் கொட்டிலுக்குப் போயின.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. 1990 இன் பின்னர், பொருளாதாரத் தடையின் கீழ் ஒரு போத்தல் பெற்றோலே அரும்பொருளாயிருந்த காலத்தில், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஆசிரியரும் வைத்தியரும் பேராசிரியரும் துவிச்சக்கரவண்டியிலேயே திரிந்தனர். ஊர்தியைக் கொண்டு ஒருவரது தராதரத்தை அளப்பது அன்று இயலாதிருந்தது. எனினும், தடை நீங்கியதும் பழைய அளவுகோலும் திரும்பிவந்தது. கட்டாயத்தாற் பிறந்த ஒழுக்கம் கட்டாயம் நீங்கியதும் நீங்கிவிடுகின்றது. இதற்கு மனிதரின் பலவீனத்தை மட்டும் காரணமாகக் காட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. காரணம் நமது உத்தியோக அமைப்பிலேயே உள்ளது.

நமது நிருவாகம் குடியேற்ற ஆட்சியாளர் விட்டுச்சென்ற ஏணி. அதன் படிதோறும் ஓர் ஊர்தி குறிக்கப்பட்டுள்ளது. சிற்றூழியருக்கு நெரிசலான பஸ். எழுதுவினைஞருக்குச் சலுகைக் கட்டணத்திற் புகையிரதப் பருவச்சீட்டு. வெளிக்கள உத்தியோகத்தருக்கு மோட்டார் சைக்கிள். பணிப்பாளருக்குச் சாரதியோடும் எரிபொருளோடும் கூடிய குளிரூட்டிய வாகனம். குறைந்த தீர்வையில் வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதிப்பத்திரமும் மேற்படிகளில் நின்றோருக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. அதனைப் பிறருக்கு விற்றுப் பணமாக்கியோரின் கதை ஊரறிந்ததே. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழிக்கு வாகனமே உத்தியோக லட்சணம் எனப் புதுவுரை எழுதிவைத்திருக்கும் சமுதாயத்தில், வாகனத்தைத் துறவுங்கள் என்ற சுற்றறிக்கை யாரைச் சென்றடையும்? துறப்பதற்கு ஏதுமற்றவரையே சென்றடையும். ஏற்கெனவே பஸ்ஸிற் செல்பவருக்குப் பஸ்ஸின் பெருமையைப் போதிப்பது ஊருக்கு உபதேசம் செய்வதன்றி வேறன்று.

மேலதிகாரியின் நேரம் பெறுமதியானது, அதனை வீதியோரத்திற் பஸ்ஸுக்குக் காத்துநின்று வீணாக்கலாமா என்று சிலர் வினவுவர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆயினும், பாணந்துறையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதப் பெட்டியின் வாசலிற் தொங்கிக்கொண்டு வரும் எழுதுவினைஞரின் நேரம் பெறுமதியற்றதா? களைத்துச் சோர்ந்து வந்து அவர் செய்யும் பிழையின் பளுவைச் சுமப்பவர் யார்? ஒருவரது நேரத்தைக் காப்பதற்காகப் பலரது நேரத்தை வீணாக்கும் ஏற்பாட்டை வசதி எனலாம், நியாயம் எனலாகாது.

இதனினும் ஆழமான விடை ஒன்றுண்டு. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபம் தராத கிராமத்துப் பாதையிலும் பஸ் ஓடவேண்டும் என்பதே அதன் உட்பொருள். பயணம் பண்டமன்று, உரிமை என்ற கொள்கை அன்று நாட்டின் கொள்கையாயிற்று. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு வழி திறக்கப்பட்டபின் அக்கொள்கை தேய்ந்தது. தேய்ந்ததைத் தீர்மானிப்போர் உணராதிருந்தமைக்குக் காரணம், அவர்கள் பஸ்ஸில் ஏறாமையே. நேர அட்டவணையை வகுப்பவர் அந்த அட்டவணைப்படி ஒருநாளேனும் காத்துநின்றால், அது மறுவாரமே திருத்தப்படும். அதிகாரியைப் பஸ்ஸில் ஏறச் சொல்வது அவரைத் தண்டிப்பதற்கன்று. தம் தீர்மானத்தின் விளைவைத் தாமே அனுபவிக்காத அதிகாரம் குருட்டு அதிகாரமாகிவிடும் என்பதற்காகவே.

பெண்களின் நிலையை இங்கு தனியே கூறவேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வின்படி, பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியற் தொந்தரவுக்கு ஆளான பெண்களும் சிறுமியரும் 90 சதவீதமாவர். இந்நிலையில் கடன்பட்டு ஸ்கூட்டர் வாங்கும் ஆசிரியையை நோக்கிச் சூழலைக் காக்கத் தவறினீர் என்று குறைகூற எவருக்கும் உரிமையில்லை. முதலிற் பஸ்ஸைப் பெண்ணுக்குரியதாக்குக. அதன்பின் அழைப்பு விடுக்க.

கடமை நிமித்தமான பயணங்களையும் நோக்குவோம். கொழும்பில் நடைபெறும் ஒரு மணிநேரக் கூட்டத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவோடிரவாகச் சென்று, மறுநாளிரவே திரும்பும் உத்தியோகத்தர் இன்றுமுளர். 2020 இற் கொள்ளைநோய் பரவிய காலத்தில் இத்தகைய கூட்டங்கள் இணையவழியே இனிது நடந்தன. நோய் தணிந்ததும் தலைநகருக்கு அழைக்கும் பழக்கம் திரும்பியது. அழைப்பதும் அதிகாரத்தின் அடையாளம் போலும்! மறுபுறத்தில், மழையிலும் வெயிலிலும் வீடுவீடாகச் சென்று கருவுற்ற தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கு ஊர்தி வேண்டும். அதற்கான செலவும் போதியவளவு வேண்டும். பயணத்தைக் குறைத்தல் என்பது பயனற்ற பயணத்தைக் குறைத்தலே. மக்களிடம் செல்லும் பயணத்தைக் குறைத்தலன்று.

பிறரை நோக்கிக் கைநீட்டும் நாம் நம்மையும் நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பாடசாலைகளுக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியர் பலர் தம்முட் பணஞ்சேர்த்து ஒரே பஸ்ஸை அமர்த்திச் செல்கின்றனர். எந்தச் சுற்றறிக்கையும் இதனைக் கற்பிக்கவில்லை. தேவையும் கூட்டுணர்வுமே கற்பித்தன. ஆனால், பதவியுயர்வு கிடைத்த மறுமாதமே அப்பஸ்ஸிலிருந்து இறங்கிக் கார் வாங்கக் கடன்தேடுவோரும் நம்மவரே. துவிச்சக்கரவண்டியில் வரும் அதிபரைக் கண்டு மாணவர் நகைப்பாராயின், அந்நகைப்பை அவர்களுக்குக் கற்பித்தவர் யாவர் என்று நாம் நம்மையே கேட்கவேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை: சீர்திருத்தம் ஏணியின் உச்சியிலிருந்து தொடங்குக. 2025 இற் சனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டமை நற்றொடக்கம். ஆயின் வாகனங்களை விற்பதோடு அமையாது, முன்பு அவற்றிற் சென்றோர் பொதுமக்களின் ஊர்தியில் ஏறும் நிலை வரவேண்டும். காருக்குப் படி கொடுக்கும் திறைசேரி, மிதித்து வருபவருக்கும் ஒரு படி கொடுக்கட்டும். கந்தோர்தோறும் துவிச்சக்கரவண்டிக்கு ஒரு கொட்டிலும், வியர்வையோடு வருபவருக்கு ஒரு குளியலறையும் அமைக்கட்டும். கூட்ட நேரம் புகையிரத நேரத்துக்கு இசைய அமையட்டும். இவை நிறைவேறும் நாளில், பணிப்பாளரும் சிற்றூழியரும் ஒரே தரிப்பிடத்தில் ஒரே பஸ்ஸுக்காகக் காத்துநிற்பர். அன்று அந்தப் பஸ் நேரத்துக்கு வரும் என்பதில் நமக்கு ஐயமில்லை.