மூன்று பென்ஸ்

கல்லூரியில் ஸாமுவேல் ஜான்ஸன் எங்களுக்கு அகராதிக்காரராக மட்டுமே அறிமுகமானார். 1775ல் அவர் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தரப்பில் நின்று, வரிவிதிப்பு கொடுங்கோன்மை ஆகாது என்று வாதாடி எழுதிய பிரசுரத்தை, பி.ஏ. முடித்து வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பல வருஷங்களுக்குப் பிறகுதான் படித்தேன். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களின் வாதங்களை வரிசையாக உடைத்துக்கொண்டு போகிறவர், முடிவை நெருங்கும்போது ஒரு கேலியை வீசுகிறார். அடிமைகளைச் சாட்டையால் மேய்க்கிறவர்களிடமிருந்துதானா சுதந்திரக் கூச்சல் இத்தனை பலமாக வரவேண்டும் என்பது அதன் சாரம்.

அப்போது ஜான்ஸன் வருஷத்துக்கு 300 பவுன் அரசாங்க மானியம் வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் காட்டி இந்தக் கேலியை ஒதுக்கிவிடலாம். (அடிமைமுறையை அவர் மனதார வெறுத்தவர் என்பதும், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து தன் வீட்டில் வளர்ந்த பிரான்ஸிஸ் பார்பருக்குத் தன் சொத்தின் பெரும்பகுதியை எழுதிவைத்தவர் என்பதும் வேறு விஷயம்.) ஆனால் மானியம் வாங்குகிறவன் கேட்டதாலேயே ஒரு கேள்வி பொய்யாகிவிடும் என்றால், கள்ளக்கடத்தல்காரன் சொன்னதாலேயே ஒரு தத்துவமும் பொய்யாகிவிடும். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. என் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், அந்தப் புரட்சியின் தொடக்கத்தில் கள்ளக்கடத்தல் இருந்தது. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் மொலாசஸுக்கு 1733லேயே கேலனுக்கு 6 பென்ஸ் வரி. நியூ இங்கிலாந்தின் ரம் சாராயம் முழுக்க அந்த மொலாசஸில்தான் காய்ச்சப்பட்டது. ஒழுங்காக வரி கட்டியிருந்தால் தொழிலே படுத்திருக்கும். ஆகவே யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் வைத்தால் போதும். முப்பது வருஷம் இப்படியே ஓடிற்று. 1764ல் பிரதமர் கிரென்வில் வரியைப் பாதியாக்கி 3 பென்ஸ் என்றார். கூடவே, இனி உண்மையாகவே வசூலிப்போம் என்றார். கடத்தல் வழக்குகள் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றங்களுக்குப் போகலாம் என்றும் ஆயிற்று. வரி குறைந்தபோதுதான் ஆத்திரம் பிறந்தது. அமலில் இல்லாத விதியை ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். திடீரென்று விழித்துக்கொண்ட விதியைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை. இது கவுண்டரில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும்.

லண்டன் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஏழு வருஷப் போர் 1763ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 13 கோடி பவுன். அந்தப் போரினால் பிரெஞ்சுப் பயம் நீங்கிப் பலனடைந்தவர்கள் குடியேற்றக்காரர்கள். 1765ல் வந்த முத்திரைத்தாள் சட்டம் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் சீட்டுக்கட்டுகளுக்கும்கூட வரி போட்டது. இங்கிலாந்தின் குடிமகன் இதைப்போன்ற வரியை 1694லிருந்து கட்டி வருகிறான். தலைக்கு அவன் கட்டுவது அமெரிக்கன் கட்டுவதைவிடப் பல மடங்கு. எங்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இல்லையே என்றதற்கு, மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்தான் இல்லை, உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்தே பேசுகிறார்கள் என்று பதில் வந்தது. அந்த ஊர்களுக்கு இல்லையென்றால் அவற்றுக்கும் கொடுக்கவேண்டியதுதானே என்று பாஸ்டனின் ஜேம்ஸ் ஓட்டிஸ் திருப்பிக் கேட்டார்.

எங்கள் கிளைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாஸ்புக்கில் 17 ரூபாய் 70 காசு பற்று எழுதியிருந்தது. குறுஞ்செய்தி அனுப்புவதற்கான மூன்று மாதக் கட்டணம். அவர் வந்துபோன பஸ் செலவு அதைவிட அதிகம்.

"இது என்ன தம்பி?"

சொன்னேன்.

"என்னைக் கேட்டீங்களா?"

கணக்கு ஆரம்பித்தபோது அவர் கையெழுத்துப் போட்ட பாரத்தில் அது இருக்கிறது என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. அந்தப் பாரத்தை அவர் படித்திருக்க முடியாது, எழுத்து அத்தனை பொடி. அவர் எனக்காக எங்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லப்படும் ஒரு சம்மதத்தை நான் அவரிடம் நீட்டினேன். மான்செஸ்டரைக் காட்டிய லண்டன்காரர்களின் பதிலும் இதே பாரம்தான். சின்னத் தொகைக்கு இவ்வளவு தூரமா என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். தொகை சின்னதாக இருந்ததால்தான் விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. பெரிய தொகை என்றால் அவர் பணத்துக்காக வந்தார் என்று நினைத்திருப்பேன்.

லண்டனும் கடைசியில் பணத்துக்காக நிற்கவில்லை. முத்திரைச் சட்டத்தை 1766ல் வாபஸ் வாங்கிய அதே கையோடு, குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் உரிமை தனக்கு உண்டு என்று பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்துவைத்தது. 1767ல் டவுன்ஷெண்ட் போட்ட சுங்கவரிகளையும் பிறகு நீக்கினார்கள், தேயிலை மீதிருந்த ராத்தலுக்கு 3 பென்ஸ் தவிர. 1769ல் மந்திரிசபையில் அதை வைத்துக்கொள்ள ஐந்து பேர், விட்டுவிட நான்கு பேர். ஒரு வோட்டில் மிஞ்சிய வரி அது. உரிமை இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மட்டும் அதை வைத்தார்கள். அடையாளத்தை எதிர்த்தவர்களை அற்பர்கள் என்று சொல்ல, அடையாளமாக வைத்தவர்களுக்கு யோக்யதை இல்லை.

1773ல் அந்தத் தேயிலையின் சொந்தக்காரர் யார் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. கம்பெனி திவாலாகும் நிலை. பாராளுமன்றம் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. தேயிலையை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொள்ளச் சலுகையும் கொடுத்தது. விலை கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கும். 3 பென்ஸ் மட்டும் நிற்கும். மலிவாகக் கிடைத்தால் கொள்கையை விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் போயின.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, பென்ஸில்வேனியாவின் ஜான் டிக்கின்ஸன் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினார். வங்காளத்தில் ஒரே வருஷத்தில் பதினைந்து லட்சம் பேர் பஞ்சத்தில் செத்ததாகச் சொல்கிறார்கள், பூமி விளையாததால் அல்ல, கம்பெனியும் அதன் ஆட்களும் உணவைச் சுருட்டிக்கொண்டதால், இப்போது நம்மிடம் வருகிறார்கள் என்பது அவர் எச்சரிக்கை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1771ன் நிலவரி வசூல், பஞ்சத்துக்கு முந்தைய 1768ன் வசூலையே மிஞ்சிவிட்டது என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772ல் லண்டனுக்கு எழுதியிருக்கிறார். அந்த வங்காளத்துக் குடியானவனை டிக்கின்ஸன் பார்த்ததே இல்லை. ஆனாலும் தன் 3 பென்ஸ் வழியாக அவனை எட்டிவிட்டார்.

அதே டிக்கின்ஸன் வீட்டில் அப்போது அடிமைகள் இருந்தார்கள். 1777ல்தான், அதுவும் நிபந்தனையோடு, விடுவித்தார். கடல் தாண்டி எட்டிய கண் சொந்த முற்றத்துக்கு வர நான்கு வருஷமாயிற்று. வந்ததே என்பதும் உண்மை, வராதவர்கள்தான் ஏராளம். ஜான்ஸனின் கேலி இந்த நான்கு வருஷத்தைத் தொடுகிறது, ஆனால் சம்மதமில்லாத வரி அநியாயம் என்ற வாக்கியத்தை அது தொடவேயில்லை. அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் அது நிற்கிறது. சொன்னவன் அது மேலே நோக்கி மட்டும் செல்லுபடியாகும் என்று நினைத்துக்கொள்கிறான். எங்களைக் கலக்காமல் எடுத்த ஒரு முடிவை எதிர்த்துச் சங்கக் கூட்டத்தில் நான் பேசிய அதே மாதம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்தில் இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பெரியவரின் கேள்வி எனக்கு நினைவு வந்தது பல நாள் கழித்துத்தான்.

1780 பிப்ரவரியில், போர் இன்னும் முடியாதபோது, மாஸசூஸெட்ஸின் டார்ட்மவுத் ஊரிலிருந்து சில கறுப்பர்கள் புரட்சி அரசாங்கத்துக்கே ஒரு மனுக் கொடுத்தார்கள். அவர்களில் பால் கஃபே என்ற இளைஞர் இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்றவரின் மகன். எங்களுக்கு வோட்டு இல்லை, எங்களுக்கு வரி போடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குக் குரல் இல்லை, எங்கள் நிறத்தவர்களும் போர்க்களத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது மனுவின் பொருள். பாஸ்டன்காரர்களின் வாக்கியம், வார்த்தை மாறாமல் என்றே சொல்லலாம், பாஸ்டனுக்கே திரும்பி வந்தது. வரி கட்ட மறுத்த கஃபேயையும் அவர் சகோதரர் ஜானையும் சிறையில் போட்டார்கள். ஒன்று வோட்டு, இல்லையேல் வரிவிலக்கு என்று விடுதலையானபின் ஊராரிடமும் கேட்டார்கள். கடைசியில் 1781ல் பாக்கியைக் குறைத்து வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள். கிரென்விலும் தொகையைத்தான் குறைத்தார்.