மடி கட்டிய இஞ்சின்

இஞ்சினை மாற்ற வேண்டும் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் விலையைப் பிறகுதான் கேட்பார்கள். முதலில் கேட்பது, "மாத்தினா இது என்ட வாகனமா இரிக்குமா?" என்பதைத்தான். கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. மத்ரஸாவில் சில காலம் ஓதிவிட்டு ஸ்பானர் பிடிக்க வந்தவன் என்பதால், யாராவது இதைக் கேட்டால் கிதாபுகள் நினைவுக்கு வந்துவிடும். அன்றைய வேலை கொஞ்சம் பிந்தும்.

கடைசியாகக் கேட்டவர் மருதமுனையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். எங்களுக்கு அவர் 'சேர்'. வாகனம், 4கே இஞ்சின் போட்ட கொரோல்லா டீஎக்ஸ் வேகன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் இவரைப் போன்றவர்களிடம் இருந்த பழைய வாகனங்களுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோதும், கியூஆர் அட்டையைக் காட்டி வாரப் பங்குக்காக வரிசையில் நின்றபோதும் சேர் வேகனைக் கைவிடவில்லை. இப்போது அது நீலப் புகை தள்ளுகிறது, ஒயில் குடிக்கிறது. கட்டாரிலிருந்து மகன், "வாப்பா, அதக் கழட்டிப் போட்டுட்டு ஒரு 5ஏ இஞ்சின் போடுங்க" என்கிறார். வாப்பாவோ, "டியூன் பண்ணினாக் காணும் தம்பி" என்று என்னைப் பார்க்கிறார்.

டியூன் என்பது சரிப்படுத்தல், அவ்வளவுதான். 4கே இஞ்சினில் டெப்பட் இடைவெளி உள்வால்வுக்கு 0.20, வெளிவால்வுக்கு 0.30 மில்லிமீற்றர். பொயின்ட், டைமிங், பிளக், காபரேட்டர் என்று ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் வைத்தால் இளைத்த இஞ்சினும் இதமாக ஓடும். ஆனால் தேய்ந்த இரும்பு டியூனால் திரும்பி வராது. எது தேய்மானம், எது அளவு பிசகியது என்று அறிய ஒரு சின்ன வேலை உண்டு. கேஜ் வைத்துக் கம்பிரஷன் பார்த்துவிட்டு, பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். கேஜின் முள் ஏறினால் ரிங்கிலும் சிலிண்டர் போரிலும் கோளாறு. அசையாமல் நின்றால் அநேகமாக வால்வில். சேரின் வேகனில் முள் ஏறியது.

இனி அவருடைய கேள்வி. அஷ்அரி அகீதா, அதாவது அந்த இமாம்களின் நம்பிக்கைக் கோட்பாடு, ஓதியவனுக்கு இது ஒரு வகையில் மிகச் சுலபம். பொருள்களின் தன்மைகள் இரண்டு கணம் நிலைப்பதில்லை, அல்லாஹ் ஒவ்வொரு கணமும் அவற்றைப் புதிதாகவே படைக்கிறான் என்பது அந்த இமாம்களின் நிலைப்பாடு. அப்படிப் பார்த்தால் அஸருக்கு முன் நிறுத்திய வேகனும் அஸருக்குப் பின் எடுக்கும் வேகனும் ஒன்றுதானா என்றே விசாரிக்க வேண்டிவரும். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் கராஜை மூட வேண்டியதுதான்.

இமாம் கஸ்ஸாலி இன்னும் கிட்ட வருகிறார். 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் கடைசி விவாதம் உடல்கள் எழுப்பப்படுவது பற்றியது. மண்ணாகிப்போன, இன்னொரு மனிதனே தின்றுவிட்டிருக்கக்கூடிய இறைச்சி எப்படி உரியவனிடம் திரும்பும் என்று தத்துவவாதிகள் மடக்குகிறார்கள். மனிதன் மனிதனாவது ரூஹினால், ஆன்மாவினால் என்கிறார் இமாம். குழந்தையிலிருந்து முதுமைவரை உண்ட உணவால் உடம்பு மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆள் அதே ஆள். ஆகவே ரூஹ் திரும்பிச் சேரும் உடல் பழைய பொருளால் ஆனதோ வேறு பொருளால் ஆனதோ, இரண்டும் ஆகக்கூடியதே. உடல் ஒரு கருவி. சேரிடம் இதைச் சொன்னேன். அவர் கணிதம் படிப்பித்தவர், சும்மா விடுவாரா? "அப்ப வாகனத்துக்கு ரூஹ் எங்க இரிக்கி?"

இல்லைதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அதற்குப் பதிலாக சசி இலக்கத்தை வைத்திருக்கிறது. இஞ்சின் மாறினால் அறிவித்துப் பதிவில் திருத்திக்கொள்ளலாம். வாகனம் அதே வாகனம். சட்டத்துக்கு இது சரி. கடலோரத்தில் வாழும் எங்களுக்கு அவ்வளவு சரிவராது, ஏனென்றால் உப்புக்காற்றில் முதலில் கறள் பிடித்து உதிர்வது பொடியும் சசியும்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி அலையில் தோய்ந்த வாகனங்களை நினைத்துப் பாருங்கள். இஞ்சினைப் பிரித்துக் கழுவிக் கோர்க்கலாம். தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்த உப்புத் தண்ணீரை யார் எடுப்பது?

ரூஹ் இல்லாத பொருளுக்குத் தனக்கென்று ஒரு 'நான்' கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது. "அதே வாகனம்" என்பது மனிதருக்கு மனிதர் கொடுக்கும் வாக்கு. யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டால்தான் டியூனா மாற்றமா என்பதற்கு மார்க்கத்தில் ஒரு பிடி கிடைக்கிறது.

விற்பதற்கு முன்பு ஆட்டின், ஒட்டகத்தின் மடியைக் கட்டி, சில நாள் கறக்காமல் விட்டுப் பால் நிரம்பியதாகக் காட்டுவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம், கூடவே ஒரு ஸாஉ அளவு ஈத்தம்பழமும் கொடுக்க வேண்டும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தேய்ந்த இஞ்சினுக்குத் தடித்த ஒயிலும் புகை அடக்கும் மருந்தும் ஊற்றி, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, அக்கரைப்பற்றுவரை ஓட்டிக் காட்டிவிட்டு வரும் அளவுக்குத் தேற்றுவது இதே மடி கட்டும் வேலைதான். டியூன் என்ற பெயரில் இது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் எனக்கு இன்னும் இடைஞ்சலான சட்டம் ஒன்று உண்டு. பொருளின் ஐபை, அதாவது குறையைச் சொல்லும் கடமை விற்பவனோடு நிற்பதில்லை. அதை அறிந்த மூன்றாம் ஆளும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று இமாம் நவவி எழுதுகிறார். வாகனத்தின் ஐபை கராஜ்காரனைவிட அறிந்த மூன்றாம் ஆள் யார்?

பழைய இஞ்சினை வைத்துக்கொள்வது விசுவாசம், மாற்றுவது துரோகம் என்று ஆட்கள் நினைப்பதை அதனால்தான் நான் ஏற்பதில்லை. முறைப்படி மாற்றியவருடைய வாகனப் பதிவுப் புத்தகத்தில் புது இலக்கம் இருக்கும், எவரும் வாசிக்கலாம். டியூனுக்கு ஒரு தடயமும் இல்லை.

சேர் விற்கப் போகவில்லை. மருமகனுக்குக் கொடுக்கப் போகிறார். அன்பளிப்பில் ஐபுக்காகத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவரே, "சட்டமில்லண்டுபோட்டு மகள்ற மாப்புள்ளைக்குப் புகையையா குடுக்கிற?" என்றார். இஞ்சினைக் கழற்றிப் பார்த்தோம். பிளொக் இன்னும் ஸ்டாண்டர்ட் அளவில்தான் இருந்தது, யாரும் போர் பண்ணியிருக்கவில்லை. வார்ப்பிரும்பு பிளொக், 0.50 கூட்டிப் போர் பண்ணி, அந்த அளவுக்குப் பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். இலக்கம் பழையது, உள்ளே ஓடுவதில் பாதி புதியது. மகனுக்குத் திருப்தியில்லை. அவர் கேட்ட 5ஏ பெற்றோலைக் குறைவாகக் குடித்திருக்கும் என்பது உண்மைதான்.

என்னோடு ஓதிய மௌலவி ஒருவர் மடி கட்டுவதோடு டியூனை ஒப்பிட்ட என் கியாஸைக் குறை சொல்கிறார். ஈத்தம்பழம் கொடுப்பது வாங்கியவர் கறந்து குடித்த பாலுக்கு ஈடாக; வாகனத்தில் அப்படி என்ன இருக்கிறது என்கிறார். இங்கே குடித்தது இஞ்சின், ஒயில் காசு போனது வாங்கியவருக்கு, ஆகவே ஈட்டை விற்றவன்தான் கொடுக்க வேண்டும் என்கிறேன் நான். அவர் கிதாபைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.