வேனிற்கால வாசனை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கோடை மூக்கின் வழியாகவே முதலில் வந்து சேரும். பங்குனியில் வேப்பம்பூ, ஸ்ரீராம நவமிப் பானகத்தில் சுக்கும் ஏலமும், மாவடு ஊறும் ஜாடி, சித்திரையில் மல்லிகை, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. ஏரி வற்ற வற்ற ஓரத்துப் பாசி காய்ந்து எழும் வீச்சமும் இவற்றோடு கூடவே வரும். கோடையின் இனிமையை எழுதுவோர் இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். அடியேன் அதனை விடுவதற்கில்லை. எங்கள் ஊரில் மல்லிகையும் அதுவும் ஒரே காற்றில்தான் வந்தன.

வாசனை என்னும் சொல்லுக்கு நம் பெரியோர் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று மணம். மற்றொன்று, முன் செய்த வினைகள் உள்ளத்தில் படியவிட்டுச் சென்ற பதிவு. பெருங்காயம் வைத்திருந்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்த பின்னும் மணம் போகாததுபோல, அநுபவம் போனாலும் அதன் பதிவு போவதில்லை. ஸ்ரீமத் பகவத்கீதையின் ஏழாம் அத்தியாயத்தில், பூமியிலுள்ள நல்ல மணம் தானே என்கிறான் கண்ணன். பதினைந்தாம் அத்தியாயத்திலோ, காற்று மலர்களிலிருந்து மணத்தைக் கொண்டு செல்வதுபோல ஜீவன் உடலை விட்டுப் போகும்போது இந்திரியங்களைத் தன்னுடன் கொண்டு செல்கிறான் என்று அருளிச்செய்கிறான். முன்னதில் மணம் இறைவனின் இருப்பு. பின்னதில் அது பிறவிதோறும் நம்மைத் தொடரும் மூட்டைக்கு உவமை. அவ்வாறாயின், ஒரு மணம் நம்மைத் தொட்டுப் பழைய நாளொன்றில் கொண்டுபோய் நிறுத்தும்போது, அது நம்மை அவனிடம் அழைக்கிறதா, கட்டிப் போடுகிறதா?

இக்கேள்வி மற்றப் புலன்களைவிட மூக்கின் விஷயத்தில் கடினமானது. கண்ணுக்கு இமை உண்டு; வாயை மூடலாம்; காதைக் கையால் பொத்தலாம். மூச்சு உள்ளளவும் மூக்கு திறந்தே இருக்கவேண்டும். மேலும், மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவே ஓர் இடைநிலையத்தில் தங்கிச் செல்ல, மணம் மட்டும் அங்கே தங்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று எட்டுகிறது என்று உடலியலார் கூறுவர். ‘இது இன்ன மணம்’ என்று பெயர் சொல்வதற்கு முன்பே மனம் நெகிழ்ந்துவிடுகிறது. தடுக்க முடியாத ஒன்றுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்?

அடியேனுக்கு ஏழு வயதிருக்கும். கோடை விடுமுறை. பாட்டியார் மாலையில் திண்ணையில் அமர்ந்து பெருமாளுக்கு மல்லிகை தொடுப்பார். ஈரத்துணி போர்த்த கூடை ஒருபுறம், நனைத்த வாழைநார் மறுபுறம். பெருமாளுக்கு உரிய பூவை யாரும் முகரலாகாது என்பது வீட்டுச் சட்டம். ஒருநாள் அவர் உள்ளே சென்ற சமயம் பார்த்துக் கூடையருகே போனேன். திரும்பி வந்தவர் கண்ணில் பட்டுவிட்டேன். “பாட்டி, வாசனை தானா வந்தது” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “தானா வந்தா தப்பில்லேடா. நீ குனிஞ்சியா? அதைச் சொல்லு” என்றார்.

குனிந்திருந்தேன். பேசாமல் நின்றேன். தொடுத்து வைத்திருந்த இரண்டு முழச் சரத்தைப் பக்கத்து வீட்டுச் சிறுமியின் தலையில் வைத்துவிட்டு, மிஞ்சிய மொட்டுகளை எண்ணிப் பார்த்து, கூடையைக் கழுவிப் புதிதாகத் தொடங்கினார். அன்று பெருமாளுக்கு ஒரு முழந்தான் கிடைத்தது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம். அங்கே நந்தவனம் அமைத்து, பூக்களைக் காஞ்சிப் பேரருளாளனுக்கு அவர் கொண்டுசென்று ஸமர்ப்பித்தார் என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வழி. கூடையிலிருக்கும் பூவின் மணம் சுமப்பவரின் ஒவ்வொரு மூச்சிலும் புகுந்திருக்கும். வேறு வழியே இல்லை. அவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தார் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. நம்பிகள் விசிறி வீசும் கைங்கர்யத்தை முதலில் திருவரங்கத்திலும் திருவேங்கடத்திலும் வேண்டினாராம். ஓரிடத்தில் காவிரியின் குளிர்ச்சி, மற்றோரிடத்தில் மலையின் குளிர்ச்சி. வேள்வித்தீயில் தோன்றிய காஞ்சி வரதனுக்கே விசிறி வேண்டும் என்று திருவுள்ளமாயிற்று என்பர். ஆலவட்டம் வீசுகிறவரின் காற்று எம்பெருமான் பக்கம் போகிறது. தம்மிடம் உள்ள மணத்தையும் அது அப்பக்கமே கொண்டுபோகிறது. அதனால்தான், நம்பிகளின் மூக்கில் புகுந்த மணம் களவாகாது என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

சூடிக்கொடுத்த நாச்சியாரோ மாலையைத் தாமே சூடிப் பார்த்தாரே என்று கேட்கலாம். அவர் சூடியது, அவனுக்குத் தாம் ஏற்றவள்தானா என்று பார்ப்பதற்கு. அந்த நோக்கத்தை எங்கள் திண்ணைக் கூடைக்கு இழுப்பது பொருந்தாது.

இவ்வளவும் பூவைப் பற்றியது. மண்ணின் மணத்தில் இக்கேள்வி அடியேனைக் கடுமையாகவே பிடித்தது. முதல் மழைக்கு எழும் மண்வாசனையை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இஸபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் ஆராய்ந்து, 1964ஆம் ஆண்டு அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டனர். வறட்சிக்காலத்தில் மண்ணிலும் கல்லிலும் ஒருவகை எண்ணெய் படிந்து சேர்கிறது. ஈரம் பட்டதும் அது மணமாக வெளியேறுகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளும் அதில் சேரும். காற்றில் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதனைக் கண்டுகொள்ளுமாம். கன்னோஜ் நகரத்தார் சுட்ட களிமண்ணைத் தாமிரப் பாண்டத்தில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, இம்மணத்தையே அத்தராக விற்கின்றனர். வேடிக்கை என்னவென்றால், இதே ஜியோஸ்மின் குடிநீரில் சற்றே கலந்துவிட்டால் ‘தண்ணீர் நாறுகிறது’ என்று முகம் சுளிக்கிறோம்.

2015 டிசம்பரில் பெருகி அடையாற்றில் வெள்ளமாக இறங்கிய எங்கள் ஏரி, 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய ஏரியின் படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூன் மாதம் ஊருக்குச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை தூறல் விழுந்தது. கரைமேல் ஏறினேன். அப்படி ஒரு மண்வாசனையை வாழ்நாளில் அறிந்ததில்லை. பாட்டியாரின் திண்ணை, பானகம், பள்ளி விடுமுறை எல்லாம் ஒருசேர வந்து நின்றன. இறைவனே இம்மணம் என்ற கீதையின் வாக்கும் நினைவில் எழ, மனம் குளிர்ந்து வெகுநேரம் நின்றேன்.

கரையிலிருந்து பார்த்தால் தெருமுனை தெரியும். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. லாரித் தண்ணீருக்காகப் பெண்கள் பகல் முழுவதும் காத்திருந்தார்கள். அந்தத் தூறல் ஒரு குடத்தின் அடியைக்கூட நிரப்பவில்லை. நாள்பட்ட வறட்சியே அந்த மணத்தை அத்தனை கனமாக்கியிருந்தது. அந்த வறட்சிதான் அவர்களை அங்கே நிற்கவைத்திருந்தது. மணம் தானாக வந்ததுதான். ஆனால், அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்: படுகை மண்ணில் ஒரு பிடியை அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை வீட்டுக் குடங்கள் இரண்டும் அவ்வரிசையில் இருந்தன. இறங்கிச் சென்று அவற்றின் அருகே நின்றேன். அவள் சமைக்கப் போனாள். லாரி வந்தபோது இரவு எட்டு மணி ஆகியிருந்தது. மண்வாசனை அதற்கு முன்பே அடங்கிவிட்டது.