கொடுத்த கை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. வாங்குகிறவனுக்குச் சொன்ன நீதி அது. கொடுக்கிறவனுக்கு என்ன நீதி? கொடுத்த மாட்டை அவன் திரும்ப ஓட்டிக்கொண்டு போகலாமா?

வளரும் நாடுகளில் செய்த பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் சுங்கவரியைக் குறைக்க வேண்டும், அதற்கு ஈடாக எதையும் கேட்கலாகாது என்று 1968-ல் புதுடில்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாடு ஒப்புக்கொண்டது. பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு மேலும் ஒரு சலுகை வைத்தது. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றும் ஏழை நாடுகளின் பொருள்கள் பலவற்றுக்கு வரியே இல்லை. 'ஜி.எஸ்.பி. பிளஸ்' என்று அதற்குப் பெயர். 2005-ல் இலங்கை அதைப் பெற்றது.

2009-ல் அங்கே போர் முடிந்தது. சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை இலங்கை அரசு நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஐரோப்பா சலுகையை நிறுத்தியது. வரியில்லாமல் போன ஆயத்த ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்கு நூற்றுக்கு 9.6 வரி விழுந்தது.

தமிழர்களாகிய நம்மில் பலருக்கு அது நீதியின் குரலாக ஒலித்தது. அதில் பிழையில்லை. கொடுமையைக் கண்டும் வியாபாரம் மட்டும் பேசுகிறவன் கொடுமைக்குப் பங்காளியாகிறான். ஆனால் கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த கிராமத்துப் பெண் யாரைச் சித்திரவதை செய்தாள்?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் நான் கேள்விப்பட்ட ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பட்டு நெசவாளி ஒருவன் குடித்துவிட்டு மனைவியை அடித்து வந்தான். அவனுக்குப் பாவு கொடுக்கும் முதலாளி நல்லவர். சேலைக்குக் கொஞ்சம் கூடவே கூலி தருகிறவர். "பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கு இனி அந்தக் கூடுதல் கிடையாது" என்று நிறுத்திவிட்டார். ஊரே மெச்சியது. தார் சுற்றிக்கொண்டிருந்த மனைவி மட்டும் கேட்டாளாம்: "அடி வாங்கினதும் நானு, அரை வயிறு கிடக்கிறதும் நானுங்களா, ஐயா?"

அந்தக் கூடுதலை அவர் அவள் கையில் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யத் தோன்றவில்லை.

நிபந்தனையே கூடாது என்று நான் வாதாட மாட்டேன். 2017 மே மாதம் இலங்கை அந்தச் சலுகையை மீண்டும் பெற்றது, சீர்திருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான். நிபந்தனைக்கும் பலன் உண்டு. ஆனால் இடைப்பட்ட ஏழாண்டுகளில் வசூலான வரி ஐரோப்பாவின் கஜானாவுக்கே போயிற்று. தண்டனையால் மிஞ்சும் காசு தண்டித்தவர் பெட்டியிலேயே தங்குமானால், அதை முழு நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.