குற்றமும் நிறமும்

எம்பெருமான் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபமணி ஜீவாத்ம தத்துவத்தைக் குறிக்கும் என்று ஸ்ரீவிஷ்ணு புராணம் கூறும். ஆத்ம ஸ்வரூபம் நிர்மலமே. ஆயினும் கர்மத்தால் அழுக்கேறிக் கிடக்கிறோம் நாம். அவ்வழுக்கு நீங்கும்வரை காத்திராமல், அடியாருடைய தோஷத்தையும் போக்யமாகக் கொள்ளும் அவனது வாத்ஸல்யத்தைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளினார். அப்படியாகில், நாம் திருந்தவேண்டுவது எதற்கு?

இலங்கை ரத்தினபுரியில் நீலக்கல்லுக்குப் பட்டை தீட்டும் சிறு பட்டறைகளை இங்கு நினைக்கலாம். நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்னும் ஒரே கனிமம். தூய குருந்தத்துக்கு நிறமில்லை. சிறிதளவு இரும்பும் டைட்டானியமும் கலந்தே நீலம் பிறக்கிறது. அந்நிறமும் பல கற்களில் ஒரு பகுதியில் மட்டுமே தங்கியிருக்கும். தேர்ந்த தொழிலாளர், அப்பகுதி கல்லின் அடிமுனையில் அமையும்படி பட்டை தீட்டுவார். மேலிருந்து நோக்குவார்க்குக் கல் முழுதும் நீலமாய் ஒளிரும். வெடிப்புள்ள பகுதியையோ சாணையில் தேய்த்து நீக்கிவிடுவார். கல்லை விரும்பிக் கையிலெடுத்தவரும் அவரே, தேய்ப்பவரும் அவரே.

கலந்த பொருளையே அழகாக்கியது தீட்டுபவர் திறம்; கல்லின் பெருமையன்று. மேலும், கல்லுக்கு அறிவில்லை, சாணையை மறுக்காது. நாமோ அறிவுடையோம், மறுக்கவும் வல்லோம். ஆகையால் தோஷத்தைப் போக்யமாகக் கொள்வது அவன் ஸ்வபாவம். தோஷத்துக்கு அஞ்சுவது நம் ஸ்வரூபம். அவன் வாத்ஸல்யம் அணுக அஞ்சுவோர்க்குச் சொல்லப்பட்டது; பிழைசெய்யத் துணிவோர்க்கன்று.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.