வாரணமாயிரம் காட்டும் கல்யாண முறை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அவதாரிகை

நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை வாசித்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டது முதல் முகூர்த்த நாள் வரையில் உள்ள காலம், இரு குடும்பங்களுக்கும் ஓய்வில்லாத காலமாகும். மண்டபம், தளிகை, மேளம், புடவை, புகைப்படம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இப்படிப் பட்டியலிடும் வரனுக்கும் வதுவுக்கும் நம் பூர்வாசார்யர்கள் காத்துத் தந்த ஒரு பட்டியல் உண்டு. ஆண்டாள் நாச்சியார் அருளிச்செய்த நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில், ஆறாம் திருமொழியாக அமைந்த வாரணமாயிரமே அது.

நெய்வேலி நகரியத்தில் வாழும் பாகவதர்களுக்கு இத்திருமொழியோடு ஒரு நிலத்தொடர்பும் உண்டு. நகரியத்தைச் சூழ்ந்து திருவஹீந்திரபுரமும், ஸ்ரீமுஷ்ணமும், தில்லைத் திருச்சித்ரகூடமும், காட்டுமன்னார்கோயிலும் விளங்குகின்றன. காட்டுமன்னார்கோயில் ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த தலம். குடந்தைப் பெருமானைப் பாடிய பத்துப் பாசுரங்களை அங்கே யாத்ரிகர்கள் ஸேவிக்கக் கேட்டு உருகியவர், ஆழ்வார்திருநகரி சென்று நம்மாழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார். அந்த நாலாயிரத்தோடு ஆண்டாளின் கல்யாணக் கனவும் நமக்குக் கிடைத்தது. ஆகவே இது நெய்வேலிக்கு அண்டை வீட்டுச் செல்வம் என்றே சொல்லலாம்.

கனவு யார் தந்தது?

ஐந்தாம் திருமொழியில் ஆண்டாள் குயிலை வேண்டினாள். எம்பெருமானை வரும்படி கூவச் சொன்னாள். அவன் வந்திலன். அவள் தரிக்கமாட்டாத நிலையை அடைந்தபோது, அவளைத் தரிப்பிக்கத் திருவுள்ளம் கொண்ட எம்பெருமான், கல்யாண மஹோத்ஸவம் முழுவதையும் கனவிலே அநுபவிக்கும்படி செய்தருளினான். கனவுதானே என்று நாம் தள்ளிவிடக் கூடாது. கனவில் தோன்றும் பொருள்கள் அந்தந்த ஆத்மாவின் அநுபவத்திற்காக எம்பெருமானே படைப்பவை என்று பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் ஸ்தாபித்தருளினார். ஆகையால் வாரணமாயிரத்தில் நாம் காண்பது எம்பெருமான் தன் திருவுள்ளப்படி வகுத்துக் காட்டிய கல்யாணம். அவனுக்கு எப்படிப்பட்ட கல்யாணம் உகப்பு என்பதை அறிய வேறு சான்று வேண்டாம்.

பத்துப் பாசுரங்களில் ஒரு கல்யாணம்

முதற்பாசுரத்தில் நாரண நம்பி ஆயிரம் யானைகள் சூழ வருகிறான். பொற்குடங்கள் எதிரே வைக்கப்படுகின்றன. ஊரெங்கும் தோரணம் கட்டப்படுகிறது. இரண்டாம் பாசுரத்தில் மறுநாள் மணம் என்று நாள் குறிக்கப்பட்டு, பாக்கு மரங்கள் நாட்டிய பந்தலிலே கோவிந்தன் புகுகிறான். மூன்றாவதில் இந்திரனும் தேவர்களும் பெரியோர்களாக வந்து பெண் பேசுகிறார்கள். மந்திரம் ஓதிய புதுப்புடவையை அந்தரி உடுத்தி, மாலை சூட்டுகிறாள். நான்காவதில் நாற்றிசையிலிருந்தும் தீர்த்தம் வந்து, வேதியர் தெளித்து, காப்புக் கட்டப்படுகிறது. ஐந்தாவதில் இளமங்கையர் விளக்கும் கலசமும் ஏந்தி எதிர்கொள்ள, மதுரையின் மன்னன் பாதுகை சாற்றி நடந்து வருகிறான்.

ஆறாவதில் மத்தளமும் சங்கும் முழங்க, முத்துமாலைகள் தொங்கும் பந்தலின்கீழ் மதுசூதனன் அவள் கையைப் பற்றுகிறான். ஏழாவதில் வேதமோத, தர்ப்பம் பரப்பி, அக்நியை வலம் வருகிறார்கள். எட்டாவதில் அம்மி மிதித்தல். ஒன்பதாவதில் பொரியிடுதல். பத்தாவதில் குங்குமமும் சந்தனமும் பூசி, அவனோடு யானைமேல் வீதிவலம் வந்து மங்கள ஸ்நாநம்.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். ஆறாம் பாசுரத்தில் கை பற்றுகிறான். ஏழாவதில் கையைப் பற்றியபடி தீயை வலம் வருகிறான். எட்டாவதில் அவன் திருக்கை அவள் காலைப் பற்றுகிறது. ஒன்பதாவதில் அவன் கையின்மேல் அவள் கை வைக்கப்படுகிறது. அடுத்தடுத்து நான்கு பாசுரங்களும் கையையே பேசுகின்றன. யானைகளும் தோரணங்களும் வாசல் வரையில் வந்து நின்றுவிடுகின்றன. அக்நியின் முன்னே இரண்டு கைகள் மாத்திரமே இருக்கின்றன. மாங்கல்யதாரணத்தைக்கூட அவள் தனியே எடுத்துச் சொல்லவில்லை. அவளுடைய கல்யாணத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

குனிந்த மணவாளன்

எட்டாம் பாசுரத்தில் சற்று நிற்போம். இப்பிறவிக்கும் இனி வரும் பிறவிகளுக்கும் புகலானவன், நம்மை உடைமையாகக் கொண்ட ஸ்வாமி, தன் திருக்கையாலே ஆண்டாளின் காலைப் பற்றி அம்மியின்மேல் வைக்கிறான். ஸர்வசேஷியானவன் சேஷபூதையின் காலைத் தொடுவதா? பரத்வம் முழுவதும் சௌலப்யமாக உருகி நிற்கும் இடம் இது.

நம் கல்யாணங்களிலே கன்யகாதானத்தின்போது வரனை மஹாவிஷ்ணுவாகப் பாவித்து, பெண்ணின் தகப்பனார் அவன் காலை அலம்புகிறார். அந்தக் கணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தலை சற்றே நிமிர்வதுண்டு. மாப்பிள்ளை முறுக்கு என்று உலகம் சொல்வது இங்கேதான் வேர்விடுகிறது. ஸம்பந்திக்கு மரியாதை போதவில்லை, சீர் குறைந்தது, காபி ஆறிவிட்டது என்று தொடங்கும் வார்த்தைகள், பெண்ணைப் பெற்றவர் நெஞ்சில் ஆயுட்காலத் தழும்பாக நின்றுவிடுகின்றன. பாகவதரான ஒருவரைக் கலங்கச் செய்வது அபசாரம். அபசாரத்தின்மேல் எழுப்பிய கல்யாணம் எத்தனை அலங்காரம் பெற்றாலும் எம்பெருமான் திருவுள்ளத்துக்கு உகப்பாகாது.

அந்த வரனுக்கு ஒரு வார்த்தை. உம்மைத் திருமாலாகப் பாவித்தார்கள் என்றால், திருமால் செய்ததை நீரும் செய்ய வேண்டுமன்றோ? கால் அலம்பப்பெற்ற சிறிது நேரத்திலேயே நீர் குனிந்து அவள் காலைத் தொட்டு அம்மியில் வைக்கப் போகிறீர். முன்னது உமக்குக் கிடைத்த கௌரவம். பின்னது உமக்குக் கற்பிக்கப்படும் ஸ்வரூபம். கல்லைப்போல் உறுதியாக நில் என்று அவளுக்குச் சொல்லும் மந்திரம், குனிந்து நிற்பவன் வாயிலிருந்து வருகிறது என்பதை மறவாதீர்.

வரன் வீட்டாருக்கும் இத்திருமொழியில் பாடம் உண்டு. புதுப்புடவை உடுத்தி மாலை சூட்டிய அந்தரி யார்? யசோதையின் வயிற்றில் பிறந்த துர்க்கை, கண்ணனுக்குத் தங்கை, ஆண்டாளுக்கு நாத்தனார். நாத்தனார் வந்து மணப்பெண்ணுக்குக் கைங்கர்யம் செய்கிறாள். மணவாளன் குனிகிறான், அவன் தங்கை அலங்கரிக்கிறாள். எம்பெருமான் வகுத்துக் காட்டிய கல்யாணத்தில் வரன் வீட்டார் இருக்கும் நிலை இதுவே.

நகரியமும் உறவும்

ஒன்பதாம் பாசுரத்தில் ஆண்டாளின் தமையன்மார் வந்து அக்நியை வளர்த்து, அச்சுதன் கையின்மேல் அவள் கையை வைத்துப் பொரியிடச் செய்கிறார்கள். துளஸி வனத்திலே பெரியாழ்வார் கண்டெடுத்த ஒரே பெண்பிள்ளை அவள், உடன்பிறந்தார் இல்லை. கனவிலே எம்பெருமான் அவளுக்குத் தமையன்மாரையும் தந்தான். பிற்காலத்தில் அது நனவாயிற்று. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக அவள் நேர்ந்துகொண்டதை எம்பெருமானார் நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் எழுந்தருள, ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக அழைத்து உகந்தாள் என்பது ஸம்ப்ரதாயம்.

இதன் பொருள் நெய்வேலியில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும். 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் பற்பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து, எண்ணிட்ட வட்டங்களிலே குடியேறின. சொந்த ஊரும் பங்காளிகளும் தொலைவில் இருக்க, அடுத்த குடியிருப்பில் இருந்தவர்களே அண்ணனும் மாமாவும் சித்தியும் ஆனார்கள். உடன்பிறந்தான் இல்லாத பெண்ணுக்குப் பொரியிட யார் வருவார் என்று பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. ஆத்மபந்துக்களான பாகவதர்கள் அண்ணன் நிலையில் நிற்பது ஆண்டாள் காட்டிய வழி.

நகரியத்தில் வாழ்பவர்க்கு இன்னொன்றும் நன்கு தெரியும். குடியிருப்பு நிறுவனத்தினுடையது. நாம் அதில் முருங்கை வைக்கிறோம், மல்லிகைப் பந்தல் போடுகிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனாலும் ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைக்க வேண்டும். தன்னுடையது அன்று என்பதற்காக எவரும் அந்த வீட்டைப் பாழாக்குவதில்லை, பேணியே வைக்கிறார்கள். சேஷத்வ ஞானத்துக்கு இதைவிட எளிய உதாஹரணம் வேண்டுமோ? இந்தச் சரீரம் அவனுடையது. கைப்பற்றும் மனைவியும் அவனுடையவள், கணவனும் அவனுடையவன். ஒருவர் மற்றொருவருக்கு உடைமையல்லர். இருவரும் ஒரே ஸ்வாமியின் உடைமைகள். ஸப்தபதியில் ஒவ்வோர் அடிக்கும் விஷ்ணு உன்னைப் பின்தொடரட்டும் என்று வரன் வேண்டுகிறான். ஏழாம் அடி முடிந்ததும் அவளைத் தோழி என்று அழைக்கிறான். உடையவன் அங்கே விஷ்ணு ஒருவனே என்பது இதனால் தெளிவாகிறது.

நிச்சயம் செய்துகொண்டவர்களுக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். எளிமையாகக் கல்யாணம் செய்ய விரும்புவோர்க்குக் கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரம் அருகிலேயே இருக்கிறது. திருமங்கையாழ்வார் மங்களாசாஸநம் செய்த திவ்யதேசம். ஸ்வாமி தேசிகன் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த தலம். முகூர்த்த நாட்களில் பற்பல ஊர்களிலிருந்தும் வந்து, ஒரே நாளில் ஏராளமானோர் இங்கே மணம் புரிகின்றனர். கொரோனாக் காலத்தில் கோயில் கதவுகள் சாத்தியிருந்த முகூர்த்த நாளிலும், வாசலிலும் சாலையோரத்திலும் நின்று மணமக்கள் கைப்பற்றினார்கள். மண்டபமும் விருந்தும் இல்லாமற்போனாலும் கை இருந்தது, எம்பெருமான் இருந்தான், கல்யாணம் நிறைவேறிற்று. அங்குள்ள பெருமானுக்கு அடியவர்க்கு மெய்யன் என்று திருநாமம். அடியார்க்குச் சொன்ன சொல் தவறாதவன் ஸந்நிதியில் சொல் கொடுப்பதைவிடச் சிறந்த இடம் ஏது?

மண்டபத்திலே விரிவாகச் செய்வதும் தவறன்று. ஆண்டாளும் ஊரெல்லாம் தோரணம் கண்டவளே. ஆனால் அந்தத் தோரணம் எவரும் நிர்பந்தித்துக் கட்டியதன்று. உகப்பினால் ஊரார் கட்டியது. கடன் வாங்கிக் கட்டும் தோரணமும், ஸம்பந்தி கேட்டதற்காகக் கட்டும் தோரணமும் அந்தக் கனவில் இல்லை.

முகூர்த்தத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இருவரும் வாத்யாரிடம் ஒருமுறை அமர்ந்து பாணிக்ரஹணம், ஸப்தபதீ, அம்மி மிதித்தல், லாஜஹோமம் இவற்றின் பொருளைக் கேட்டறிக. வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசி வழியாகவேனும் கேட்கலாம். பொருள் தெரிந்து பற்றும் கைக்கும் தெரியாமல் பற்றும் கைக்கும் வேறுபாடு உண்டு. முதல் பத்திரிகையைப் பெருமாள் ஸந்நிதியில் ஸமர்ப்பித்து, அடுத்ததை ஆசார்யனிடம் சேர்ப்பிக்க. தளிகை எதுவானாலும் பெருமாளுக்கு அமுதுசெய்வித்த பின்னரே இலையில் இடுக. அப்போது வந்தவர் அனைவரும் பெறுவது ப்ரஸாதமாகிவிடும். ப்ரஸாதத்தை வீணாக்க எவருக்கும் கை வராது.

மாலை மாற்றும்போதும் தேங்காய் உருட்டும்போதும் வாரணமாயிரம் ஸேவிப்பது நம் வழக்கம். பதினோரு பாசுரங்களுக்குக் கால் மணி நேரமும் ஆகாது. அதை ஒலிப்பதிவாக ஓடவிட்டு, புகைப்படக்காரர் சொல்லும் பக்கம் திரும்பி நிற்பதில் என்ன பயன்? நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் நாளுக்கு ஒரு பாசுரம் என்று மணமக்களே கற்றுக்கொள்ளட்டும். ஆண்டாளும் காத்திருந்த காலத்தில்தான் இதைப் பாடினாள்; காத்திருப்போர்க்கு அவளைவிட ஏற்ற தோழி இல்லை.

பலச்ருதி

பதினோராம் பாசுரத்தில், இத்தமிழ்மாலை வல்லவர் நன்மக்களைப் பெற்று மகிழ்வர் என்று ஆண்டாள் பலன் அருளிச்செய்கிறாள். நன்மக்களாவார் எம்பெருமானுக்கும் அடியார்க்கும் கைங்கர்யத்தில் ஊன்றியவர்கள் என்று கொள்வது நமக்குப் பொருந்தும். குனியத் தெரிந்த தகப்பனையும் உறுதியாக நிற்கத் தெரிந்த தாயையும் கண்டு வளரும் பிள்ளைகளுக்குக் கைங்கர்யத்தைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

பங்குனி உத்தரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலே ரங்கமன்னாரைக் கைப்பிடித்து இன்றும் திருக்கல்யாணம் கண்டருளும் நாச்சியார், நெய்வேலியிலும் உலகெங்கும் மணநாளை எதிர்நோக்கியிருக்கும் மணமக்கள் அனைவர்க்கும் அந்தக் கனவின் உட்பொருளை அருள்வாளாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.