கொல்லைப்புறத்துப் பொறி

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்து வீடுகள் பலவற்றின் கொல்லைப்புறத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதன் ஒரு முனையில் எலி நுழையும் அளவுக்குத் துளை, உள்ளே இறுக்கமான விற்பொறி, இரையாகக் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய். இதை வைப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர், அந்தத் தெருவாசிகள். நாடு முழுவதும் இப்படிப்பட்டவர்கள் விடுமுறை நாட்களில் காட்டுச் சரிவுகளில் நடந்து, வரிசையாக வைத்த பெட்டிகளைத் திறந்து, செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு, புதிய இரை வைத்துத் திரும்புகிறார்கள். பறவைகளைக் காப்பாற்றத்தான் இத்தனையும். கொல்லாமையை அறங்களில் தலையாயதாகக் கேட்டு வளர்ந்தவருக்கு இது உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும்.

அந்த நிலம் தனியே பிரிந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வௌவால்களை விட்டால் தரையில் வாழும் பாலூட்டி எதுவும் மனிதனுக்கு முன் அங்கே இல்லை. பறவைகளுக்குப் பகை வானத்திலிருந்துதான் வந்தது. கழுகு கண்ணால் தேடும். அசையாமல் நின்றால் தப்பிவிடலாம். பறக்கத் தெரியாத காக்காப்போ கிளி இன்றும் ஆபத்து வந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. மோப்பம் பிடித்து வரும் பிராணிக்கு முன்னால் அந்தப் பழக்கமே அதற்கு எமன். மாவோரிகளின் முன்னோர் 13ஆம் நூற்றாண்டில் வந்தபோது கியோரே என்னும் எலி கூடவே வந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் இன்னும் பெரிய எலிகளைக் கொண்டுவந்தன. ரோமத் தொழிலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்னும் விலங்கு வந்தது. முயல்களை விட்டார்கள், அவை பெருகி மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தபோது, முயலைத் தின்னட்டும் என்று 1880களில் ஸ்டோட் என்னும் சிறிய, கீரி போன்ற வேட்டை விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். பறவையியல் அறிந்தவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. இன்று அழிந்துபோன ஹூயா பறவையை உறுதியாகக் கடைசியில் பார்த்த ஆண்டு 1907.

இன்று பாதுகாப்பில்லாத காடுகளில் பொரியும் கிவிக் குஞ்சுகளில் 100க்கு ஏறத்தாழ 5தான் வளர்ந்து பெரிதாகின்றன. மற்றவற்றில் பெரும்பங்கு ஸ்டோட்டுக்கு இரை. எலி, போசம், ஸ்டோட் வகையினம் மூன்றையும் 2050க்குள் நாட்டிலிருந்தே நீக்குவது என்று 2016இல் அரசு இலக்கு வைத்தது.

இயற்கையின் போக்கில் விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. ஸ்டோட் அந்தக் காட்டுக்குள் இயற்கையின் போக்கில் வரவில்லை. கூண்டில் வைத்து, கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு செயல்தான், அதற்கும் பலி உண்டு. கூட்டிலேயே கடிபடும் குஞ்சின் வலி பொறியில் விழும் எலியின் வலியைவிடச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதம் கொல்பவருக்குக் கடமையைத்தான் தருகிறது. குற்றத்தை அது எலியின் தலையில் ஏற்றிவிடவில்லை. எலி பசிக்குத் தின்றது.

கொல்லாமலே முடியும் இடத்தில் கொல்லக்கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே யூயிஸ்ட் தீவுகளில், தோட்டத்து நத்தைகளைத் தின்னட்டும் என்று 1974இல் சில முள்ளெலிகளை விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடுகட்டும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2003இல் அரசு அமைப்பு அவற்றைக் கொல்லத் தொடங்கியது. தன்னார்வலர்கள் எதிர்த்து நின்று, முள்ளெலிகளைப் பிடித்துப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2007இல் கொலை நின்றது, இடமாற்றமே வழியானது. முள்ளெலியின் சொந்த நிலம் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது, அதனால் அது முடிந்தது. நியூசிலாந்தின் எலிகளையும் ஸ்டோட்டுகளையும் ஏற்றி அனுப்ப எந்தக் கரையும் இல்லை. முள்ளெலியும் அங்கே பொறியில்தான் சாகிறது.

சரி, கொல்லத்தான் வேண்டும் என்றால் எப்படிக் கொல்வது? தன்னார்வலரின் அறம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கொல்லும் பொறிகளைச் சோதிக்க நியூசிலாந்தில் ஓர் அளவுகோல் உண்டு: விலங்கு 3 நிமிடத்துக்குள் திரும்ப எழாதபடி நினைவிழக்க வேண்டும். உயிரோடு பிடிக்கும் பொறியை நாள்தோறும் போய்ப் பார்க்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. மழை பெய்தாலும், விருந்தினர் வந்தாலும் போகத்தான் வேண்டும். முடியாதவர் அப்படிப்பட்ட பொறியை வைக்கவே கூடாது.

நஞ்சு வேறு விஷயம். ப்ரோடிஃபாகும் என்னும் எலிமருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தின்ற எலி உள்ளே இரத்தம் கசிந்து பல நாட்கள் கழித்துச் சாகிறது. எங்கோ ஒரு வளையில், யார் கண்ணிலும் படாமல். கொல்லைப்புறத்தில் பலர் பொறியைவிட நஞ்சையே விரும்புவதற்கு இந்தக் கண்ணில் படாமையும் ஒரு காரணம். பொறியில் விழுந்ததைக் கையால் எடுக்கும் அருவருப்பிலிருந்து தப்ப, அந்த விலங்கைப் பல நாள் வதைக்கிறோம் என்றால் அது அறமாகாது. ஆள் ஏற முடியாத மலைக்காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து தூவும் 1080 நஞ்சின் கதை இதைவிடச் சிக்கலானது. கீயா மலைக்கிளிகளும் அதைத் தின்று செத்திருக்கின்றன. ஆயினும் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் 2011இல் தந்த அறிக்கை, வேறு வழி வரும்வரை அதைத் தொடரத்தான் வேண்டும் என்றது. அங்கே பொறி வைக்க வழியில்லை என்பதால் அந்த முடிவை ஏற்கலாம். கைக்கெட்டும் கொல்லைப்புறத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் அதிகம் கேட்பதில்லை. அரைகுறையாகக் கொல்வது சரியா? எலி வேகமாகப் பெருகும். பத்தைக் கொன்று, பக்கத்துச் சரிவை விட்டுவிட்டால், அடுத்த பருவத்தில் அந்த இடம் நிரம்பிவிடும். பீச் மரங்கள் மிகுதியாக விதை சொரியும் ஆண்டுகளில் எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும். அப்போது தளர்ந்த கை அதுவரை செய்த அத்தனையையும் வீணாக்கும். பறவை திரும்பி வராத காட்டில் செத்த எலிகள் எதற்காகச் செத்தன? உற்சாகத்தில் 6 மாதம் பொறி வைத்துவிட்டுச் சலித்து விட்டவரைவிட, தொடங்காமலே இருந்தவர் மேல். ஒரு குழு தெருத்தெருவாகப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டு, வீடு மாறிப் போகிறவரின் பெட்டியை அடுத்தவரிடம் ஒப்படைக்கிற ஏற்பாடு வைத்திருந்தால், அந்தச் சிறிய நிர்வாக வேலைக்குப் பெரிய அறமதிப்பு உண்டு. வெலிங்டனின் மிராமார் தீபகற்பத்தில் முதலில் போசத்தையும், பல ஆண்டுகள் கழித்து எலியையும் ஸ்டோட்டையும் முற்றிலும் நீக்கியிருக்கிறார்கள். முற்றிலும் நீங்கிய இடத்தில்தான் கொலைக்கு ஒரு முடிவு வரும். இல்லாவிட்டால் அது தலைமுறை தலைமுறையாக நீளும்.

குழந்தைகளை இதில் சேர்க்கலாமா என்பது அங்கே சூடாகப் பேசப்படும் விஷயம். பள்ளிகள் நிதி திரட்டப் போசம் வேட்டைப் போட்டி நடத்துகின்றன. 2023இல் ஒரு வேட்டைப் போட்டியில் சிறுவர்கள் காட்டுப் பூனைகளைக் கொல்வதற்குத் தனிப் பரிசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் விலக்கிக்கொண்டார்கள். பெட்டி செய்யவும், காலடித் தடம் பார்க்கவும், பறவைக் குரல் அறியவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். பெரியவர் பொறியைத் திறக்கும்போது உடன் நிற்கவும் செய்யலாம். சாவை மறைத்து வளர்ப்பதில் நன்மை இல்லை. எண்ணிக்கைக்குப் பரிசு தரும் போட்டி மட்டும் கூடாது. அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது பறவையைப் பற்றி ஒன்றுமில்லை.